மதர் சீரியஸ்

எனக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்கும். அதை முதல்லயே சொல்லிப்புடுறேன். இதுல நான் தப்புப் பண்ணுன எடமெல்லாம் கோவத்துல பண்ணுனதுதான்.

தேனி தனி மாவட்டமாப் பிரிஞ்ச புதுசு அது. அதுவரைக்கும் எங்க பேரெல்லாம் மதுரைப் பதிவுல இருந்துச்சு. பட்டாளத்துல இருந்து திரும்புனவுக எல்லாரும் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கிட்டுத் தேனிக்கு வந்து, புது அடையாள அட்டைக்கு எழுதிக் குடுக்கணும்னு சொன்னாக. சுருளிப்பட்டியில இருந்து நாலு பேர் போயிக் குடுத்துட்டு வந்தோம். அட்டை தயாரானதும் எங்கள்ல ஒருத்தரு மொத்தமா வாங்கிட்டு வந்து, பஸ் நிக்கிற எடத்து டீக்கடையில வச்சுக் குடுத்தாரு. என் அட்டையை யாரோ எடுத்துச் சத்தமா வாசிச்சாக. பதவி, நாயக்.

நாயக்னா கையில ரெண்டு பட்டை. ஹவில்தார்னா மூணு. எங்க வீட்டுக்கு ஊருக்குள்ள இருபத்தஞ்சு வருஷமா ஹவில்தார் வீடுன்னுதான் பேரு. திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்க ஆள் வந்தாலும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாலும், ஹவில்தார் வீடு எங்கன இருக்குன்னுதான் கேட்டு வருவாக. டீக்கடையில அன்னைக்கு ஒருத்தரும் சிரிக்கல. அதுதான் எனக்குத் தாங்கல. சிரிச்சிருந்தா நாலு வார்த்தை வஞ்சுட்டு எந்திரிச்சு வந்திருப்பேன். எல்லாரும் கிளாசைப் பாத்துக்கிட்டே டீயைக் குடிச்சாக.

வீட்டுக்கு வந்து அட்டையை என் பொண்டாட்டிகிட்டக் குடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். வாசிச்சா. முகம் வெளுத்துப்போச்சு.

"இது எப்பத்துல இருந்துங்க?"

"அப்பத்துல இருந்தேதான்."

"மொத லீவுல வந்துட்டுப் போனீகளே, அப்பத்துல இருந்தா?"

"ஆமா"ன்னேன். அட்டையை என் கையில குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. புருஷன் ஊரை ஏமாத்திட்டான்னு அவளுக்கு வெக்கமாப் போச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

அந்த லீவைச் சொல்லணும்.

எழுபத்தொண்ணுல நடந்த சண்டையில நான் மேற்கு எல்லையில இருந்தேன். எங்க குழுவுக்குத் தலைவரா இருந்த ஹவில்தார் முதல் நாளே விழுந்துட்டாரு. மிச்சம் இருந்த ஆளுகளை வச்சுக்கிட்டு மூணு நாள் அந்தப் பள்ளத்தை விடாம நான்தான் பாத்துக்கிட்டேன். முழங்காலுக்குக் கீழ குண்டுச் சிதறல் பட்டுச்சு. சண்டை நின்னதும் எங்க பட்டாலியனுக்குப் பெரியவரு, சி.ஓ. சாப், பள்ளத்துக்கே வந்தாரு. "இன்னையில இருந்து நீ ஹவில்தார்"னு சொல்லி, மூணு பட்டை வச்ச துணியை அவரு கையாலேயே என் சட்டையில குத்துனாரு. ஊக்குலதான் குத்துனாரு, ஊசி நூலுக்கு அங்கன எங்க போறது. மெடல் ரிப்பன்ல வைக்கிற சின்னத் தாமரை இலை ஒண்ணு உண்டு, சண்டையில பேரு சொல்ற மாதிரி நின்னவன்னு அடையாளம். அதுக்கும் எழுதுறேன்னாரு. ஆனா பட்டாளத்துல வாய்ச்சொல் செல்லாது. ஆர்டர்ல வந்தாத்தான் வந்தது. ஊருக்கு அன்னைக்கே லெட்டர் எழுதிப் போட்டேன். ஆர்டர் வர்றதுக்குள்ள எனக்குத் தந்தி வந்துருச்சு.

மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி.

இந்தத் தந்தியைத் தெரியாத பட்டாளத்தான் கிடையாது. லீவு கிடைக்காதவன் ஊருக்கு எழுதுவான், ஊர்ல இருந்து இது வரும். அறுப்பா இருந்தாலும் சரி, காதுகுத்தா இருந்தாலும் சரி, பொண்ணு பாக்குறதா இருந்தாலும் சரி, சீரியஸ் ஆகுறது ஆத்தாதான். எங்க கம்பெனியில ஒருத்தனோட ஆத்தா ஒரே வருஷத்துல மூணு தடவை சீரியஸ் ஆயி மூணு தடவையும் பொழச்சுக்கிட்டாக. மெடலை அவுகளுக்குத்தான் குடுக்கணும்னு சுபேதார் சொல்லுவாரு. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தெரியாத மாதிரி இருப்பாக.

ஆனா நான் எழுதிக் கேக்கல. அதனால நெசமாத்தான் இருக்கும்னு பதறிப்போனேன். சி.ஓ. சாப் அன்னைக்கே லீவு போட்டு அனுப்புனாரு. அஞ்சு நாள் ரயிலு. வந்து சேந்தா, எங்க ஆத்தா வாசல்ல உக்காந்து மொச்சைக்காய் உரிச்சுக்கிட்டு இருக்கு. என்னைப் பாத்ததும் அதுக்கே சிரிப்பு அடக்க முடியல. தந்தி குடுத்தது என் பொண்டாட்டி. கல்யாணமாகி ஒம்பது மாசம், அதுல ஏழு மாசம் நான் பட்டாளத்துல. தேவதானப்பட்டிப் பக்கத்துப் பட்டாளத்தான் ஒருத்தன் செத்துட்டான்னு சேதி வந்ததும், பயந்துபோயி கம்பத்துக்குப் போயிக் குடுத்துட்டா. நான் ஏசல. கோவக்காரனுக்கு அன்னைக்குன்னு பாத்துக் கோவம் வரல. உசுரோட வந்து நிக்கிறோம், இதுல என்ன கோவம். அவதான் ஒரு மாதிரி நின்னா.

"நீங்க பொறப்படுறப்ப வேற எதுவும் வரலயா?"

"வேற என்ன வரணும்?"

"ஒண்ணுமில்ல"ன்னுட்டா.

அந்த லீவுல கம்பத்துல ஸ்டூடியோவுக்குப் போயி ரெண்டு பேரும் படம் எடுத்துக்கிட்டோம். மூணு பட்டையும் தெரியணும்னு நான் கையைக் கொஞ்சம் முன்னால தள்ளி வச்சிருப்பேன். இன்னைக்கும் செவுத்துல தொங்குது.

திரும்பிப் போனா சி.ஓ. சாப் மாறிப் போயிட்டாரு. புதுசா வந்தவரு சிரிக்கத் தெரியாத மனுஷன். ஆர்டர்ல உன் பேரு வரல, பட்டையைக் கழட்டுன்னாக. கழட்டுனேன். ஊர்ல இருந்ததுனால விட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன், கேக்கல. கால் காயத்தால டாக்டர்க என் உடம்புத் தகுதியைக் கொறச்சு எழுதிட்டாக, அப்படி எழுதுனா பதவி உயர்வு கிடையாது, கடைசி வரைக்கும் அந்தப் பட்டை திரும்பி வரல. ஊருக்கு வர்றப்ப அதுக்கப்புறம் நான் யூனிபாரம் போட்டே வரல. பொய் சொன்னேனா? இல்ல. போட்டதைச் சொன்னேன், கழட்டுனதைச் சொல்லல. அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஆத்தா நெசமாவே படுத்துருச்சு. அப்ப என் பொண்டாட்டி தந்தி குடுக்கல. இன்லேண்டு லெட்டர் எழுதிப் போட்டா. அது என் கைக்கு வந்தப்ப ஆத்தாவைத் தூக்கிப் போட்டு எட்டு நாள் ஆச்சு. பொய்யிக்குத் தந்தி குடுக்கத் தெரிஞ்சவளுக்கு நெசத்துக்குக் குடுக்க என்ன கேடுன்னு கேட்டேன். "தந்தின்னாலே பயமா இருக்குங்க"ன்னா. அது ஒரு பதிலான்னு எனக்கு ஆறவே இல்ல. அவ சாகுற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டியிருக்கேன். பிள்ளை குட்டி இல்லாத வீடு. சண்டைன்னா நடுவுல வந்து நிக்க ஆள் கிடையாது.

அட்டை வந்த பிறகு எழுத ஆரம்பிச்சேன். தேனியில கோர்ட்டுக்கு எதுத்தாப்புல டைப் மெஷினோட ஒருத்தரு உக்காந்திருப்பாரு. பட்டாளத்துல கிளார்க்கா இருந்து வந்தவரு, முன்னாள் ராணுவத்தாருக்கு மனு எழுதிக் குடுக்கிறதுதான் அவரு பொழப்பு. பதவியைத் திருத்தணும், தாமரை இலையையும் பதியணும்னு அவருகிட்ட மனு அடிச்சுப் பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்புனேன். பதில் வரும், ஆதாரம் இல்லைன்னு. மறுபடி அனுப்புவேன். என் கூடப் பள்ளத்துல கிடந்த மலையாளத்தான் ஒருத்தன் கட்டப்பனைப் பக்கம் இருந்தான். குமுளி மலையேறிப் போயி, சி.ஓ. சாப் பட்டை குத்துனதை நான் பாத்தேன்னு அவன்கிட்டக் கையெழுத்து வாங்கி அதையும் அனுப்புனேன்.

ஒவ்வொரு தடவை நான் தேனிக்குப் பொறப்படுறப்பவும் என் பொண்டாட்டி, "விட்டுருங்க, போதும்"பா. "உனக்கு வெக்கமா இருந்தா நீ வெளிய சொல்லிக்கிடாத"ன்னு சொல்லிட்டுப் போயிருவேன். ஏழு வருஷம் அப்படியே போச்சு. தண்ணி பாஞ்சிருச்சா, சாப்பிட வாங்க, விளக்கை அமத்துங்க. இதுக்கு மேல எங்களுக்குள்ள பேச்சில்ல. ரெண்டாயிரத்து நாலுல அவ போயிட்டா. சுருளியில வச்சுக் காரியம் பண்ணுனோம். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அமத்துங்கன்னு சொல்ல ஆள் இல்லாதது அன்னைக்கே தெரிஞ்சுச்சு.

எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் அடுத்த வீட்டுல இருக்கான், எனக்குத் தம்பி முறை. அவனும் மதினி மதினின்னு அவகிட்ட உசுரா இருந்தவன். அவ போனதுக்கப்புறம் ரெண்டு நேரமும் தூக்குவாளியில சோறு கொண்டாந்து வச்சு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போவான். ரெண்டு வருஷம், ஒரு நாள் தவறல.

அப்பத்தான் ரெக்கார்டு ஆபீசுல இருந்து மொத மொதலா ஒரு உருப்படியான பதில் வந்துச்சு. மனு அடிக்கிற கிளார்க்கு வாசிச்சுச் சொன்னாரு. பொய்க் காரணம் சொல்லி லீவு எடுத்ததால அன்னைக்குப் பதவி உயர்வை நிறுத்தி வச்சிருக்காக. தாய் நல்லாத்தான் இருக்காங்கன்னு ஊர்ல இருந்து தகவல் வந்து, அதை வச்சு எடுத்த முடிவு.

ஊர்ல இருந்து தகவல். முப்பத்தஞ்சு வருஷமா நான் இல்லாததுனால விட்டுப்போச்சுன்னு இருந்தேன். எவனோ காட்டிக் குடுத்திருக்கான். பஸ்ல வர்ற வழி பூரா ஊர்ல ஒவ்வொரு வீடா நெனச்சுப் பாத்தேன். அந்தச் சமயத்துல எங்க அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் வாய்க்கால் தகராறு. அந்த வீட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். சின்னமனூர் தாண்டுறதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேன்.

மத்தியானம் தூக்குவாளியோட வந்தான். "பட்டாளத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டது நீதானடா?"ன்னு கேட்டேன். லெட்டரைக் காட்டுனேன். விஷயம் என்னன்னு சொன்னேன்.

"நான் கடுதாசி போடலண்ணே. இதுக்கு மேல என்னைக் கேக்காதீக."

"கேக்காதீகன்னா என்னடா அர்த்தம்?"

அவன் சோத்தைக் கீழ வச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். குத்தமுள்ளவன்தான் இப்படி நிப்பான்னு எனக்குத் தோணுச்சு. தூக்குவாளியை எடுத்து வாசல்ல எறிஞ்சேன். சாம்பாரு தெறிச்சு அவன் வேட்டியில பட்டுச்சு. குனிஞ்சு வாளியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் நானே பொங்கித் தின்னேன். பேச்சுவார்த்தை அத்துப்போச்சு.

கிளார்க்குகிட்ட மறுபடி போனேன். அவரு ஒரு வழி சொன்னாரு. "தந்தி பொய்தான்னு ஒத்துக்கிடுங்க ஐயா. ஆனா உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டம்மா குடுத்தாகன்னு அஃபிடவிட் போடுவோம். நீங்க எழுதிக் கேக்கலையே, அது நெசந்தான. அவுகளே போயிச் சேந்துட்டாக, இனி அவுகளுக்கு என்ன குறையப் போகுது."

நெசந்தான். அதுல பொய் இல்ல. அவரு டைப் அடிச்சதைத் தமிழ்ல சொன்னாரு. என் மனைவி பொய்த் தகவல் கொடுத்து என்னையும் ராணுவத்தையும் ஏமாற்றிவிட்டார், அதை எவருக்கும் கடைசிவரை தெரிவிக்கவும் இல்லை. "இந்தக் கடைசி வரி இருந்தாத்தான் உறுதியா இருக்கும்"னாரு. எடுத்த பேனாவைக் கீழ வச்சேன். ஆத்தா சாவுக்கு வராத தந்தி ஞாபகம் வந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்.

ரெண்டு வருஷத்துல ஆர்டர் வந்துருச்சு. பதவி, ஹவில்தார். எடுத்துக்கிட்டு நேரா டீக்கடைக்குப் போனேன். அன்னைக்கு அட்டை வாங்குன நாலு பேர்ல மூணு பேர் செத்துட்டாக, நான்தான் மிச்சம். கடைக்காரரு மகன்தான் இப்பக் கடையை நடத்துறான். காயிதத்தை வாசிச்சுட்டு, "ரொம்ப சந்தோசம் தாத்தா"ன்னு திருப்பிக் குடுத்தான். பெஞ்சுல இருந்தவுகள்ல பாதிப் பேருக்கு நான் யாருன்னே தெரியாது. வீட்டுக்கு வந்து செவுத்துப் படத்துக்கு முன்னால நின்னு சத்தமா வாசிச்சேன். பைத்தியக்காரத்தனந்தான். கேக்க ஆள் இல்லாத வீட்டுல என்ன பண்ணுறது.

தாமரை இலைக்கு மட்டும் ஆதாரம் இல்லைன்னு அதே ஆர்டர்ல எழுதியிருந்தாக. எனக்கு அதையும் விட மனசில்ல. தகவல் கேக்குற சட்டம் வந்துருச்சே, ஃபைல் மொத்தத்துக்கும் காப்பி கேளுங்கன்னாரு கிளார்க்கு. கேட்டேன். தடியா ஒரு கவர் வந்துச்சு. வீட்டுல உக்காந்து கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு தாளாப் பெரட்டுனேன். இலையைக் காணோம். என் தந்தி இருந்துச்சு, மதர் சீரியஸ். அதுக்கு அடுத்த தாளு இன்னொரு தந்தி. கம்பத்து முத்திரை. மூணு நாள் பிந்துன தேதி.

மதர் வெல். டோன்ட் சென்ட் ஹிம். வைஃப்.

பட்டாளத்து இங்கிலீஷ் அதுக்குப் போதும். ஆத்தா நல்லாருக்கு, அவரை அனுப்பாதீக, மனைவி. ஓரத்துல புதுசா வந்த அந்தச் சிரிக்காத சி.ஓ. கையால எழுதியிருந்தாரு, லீவு பொய், பதவி உயர்வை வெளியிட வேண்டாம்னு.

அந்தத் தாளை எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மூணு வருஷத்துக்கப்புறம் அந்தப் படியில கால் வைக்கிறேன். தம்பி கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தான். தாளை அவன் கையில குடுத்தேன். அவன் பாத்துட்டு, "வந்துருச்சா"ன்னான்.

"உனக்குத் தெரியுமாடா?"

"நான்தானண்ணே மதினியோட துணைக்குப் போனேன். ரெண்டு தடவையும். மொதத் தந்தி குடுத்த ரெண்டாம் நாள் உங்க லெட்டர் வந்துச்சு, ஹவில்தார் ஆயிட்டேன்னு. வாசிச்சதும் மதினிக்கு இருப்புக் கொள்ளல. இப்பப் பொய்த் தந்தியை நம்பி வந்தா அவுகளுக்குக் கெடுதல் ஆயிருமோன்னு மறுநா விடிஞ்சதும் என்னைக் கூட்டிக்கிட்டுக் கம்பத்துக்கு நடந்தாக. தந்தி ஆபீஸ்ல இருந்த ராவுத்தரு சிரிச்சாரு. ஏத்தா, ஆத்தா நல்லாருக்குன்னு பட்டாளத்துக்குத் தந்தி குடுக்கிற மொத ஆளு நீதான்னாரு."

"அன்னைக்கு நான் அம்புட்டுக் கேட்டேனேடா. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"அட்டை வந்தன்னைக்கு ராத்திரியே மதினி வந்து எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. நல்லது பண்ணப் போயி நானே கெடுத்துட்டேன், அவுகளுக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டாகன்னாக. மதினி இல்லாதப்ப அதை நான் எப்படிண்ணே மீறுறது."

நான் தாளைத் திரும்ப வாங்கி மடிச்சேன். அவனே சொன்னான், "திரும்பி வர்ற வழியில ஹவில்தாருக்கு எத்தனை பட்டைன்னு கேட்டாக. மூணுன்னேன். கையில இருந்த புளியங்குச்சியால அவுக கையிலேயே மூணு கோடு கிழிச்சுப் பாத்துக்கிட்டாக. ஊரு வர்ற வரைக்கும் அந்தக் கோட்டைப் பாத்துப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு வந்தாக."

என்னை நெனச்சு வெக்கப்பட்டு அவ பேசாம இருக்கான்னு நான் ஏழு வருஷம் முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். அவ தன்னை நெனச்சு வெக்கப்பட்டுப் பேசாம இருந்திருக்கா. ஆத்தாவுக்குத் தந்தி குடுக்கப் பயந்தது எதுக்குன்னும் இப்பத்தான் புரியுது, அந்த ரெண்டு தந்தியும் என்ன கெடுதல் பண்ணுச்சோங்கிற பயம் அவளுக்கு அப்பவே இருந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே விஷயத்தை வச்சுக்கிட்டு, ஆளுக்கொரு மூலையில கிடந்திருக்கோம். அது போதாதுன்னு, அவ கடைசிவரை எவருக்கும் தெரிவிக்கலன்னு நான் சத்தியம் பண்ணி அனுப்பியிருக்கேன். அந்தப் பொய்யி அவ தந்தி கிடக்கிற அதே ஃபைல்ல, அதுக்கு மேலேயே கிடக்கு.

மறுநாள் தேனிக்குப் போயி, அஃபிடவிட்டுல அந்த வரி தப்பு, என் மனைவி ஏமாத்தல, தெரிவிச்சிருக்கா, அதை எடுத்துருங்கன்னு மனு அடிக்கச் சொன்னேன். கிளார்க்கு என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

"ஐயா, அந்த அஃபிடவிட்டை வச்சுத்தான் ஆர்டரே போட்டிருக்காக. அது தப்புன்னு நீங்களே எழுதுனா, ஆர்டரையும் ரத்து பண்ணலாம். பன்னெண்டு வருஷம் அலைஞ்சிருக்கீக. யோசிச்சுக்கோங்க."

"அடிங்க"ன்னேன்.

அடிச்சாரு. தாளை உருவுறதுக்கு முன்னால, கையெழுத்துக்குக் கீழ பதவி என்ன போடட்டும்னு கேட்டாரு. நாயக்னே போடுங்கன்னேன். போட்டாரு. கையெழுத்துப் போட்டு, தபால் ஆபீசுல ரிஜிஸ்தர் பண்ணிட்டு, பஸ் ஏறி வந்தேன். வாசல்ல தூக்குவாளி இருந்துச்சு. கை கழுவிட்டு உக்காந்து சாப்பிட்டேன்.